அப்பாவின் தலையில் இருந்த கண்டல்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாள் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அந்தக் கிழமைதான் வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் அப்பா இருட்டுக்குள் பாத்ரூமுக்குப் போகப்போய்க் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். "ஒண்டுமில்லை, லேசாப் பட்டது" என்றார். சில நாள் கழித்து, உச்சந்தலைக்குக் கொஞ்சம் முன்னால், வலப்பக்கமாக, நாவல்பழ நிறத்தில் ஒரு கண்டல் தெரிந்தது. ரூபாய்க் குற்றி அளவுதான். இடித்தார், கண்டிவிட்டது. அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அவர் இடித்துக்கொண்டது இடப்பக்கம். அது அம்மாவுக்கு நினைவு வந்தது நாலு மாதம் கழித்து, நோய்க்குப் பெயர் வந்த பிறகு.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. 2014இல் அவருக்கு மெனிஞ்சியோமா என்ற கட்டிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. மூளைக்குள் அல்ல, மூளையை மூடியிருக்கும் உறையில் வருகிற கட்டி அது. பெரும்பாலானவர்களுக்குச் சாதுவாகவே இருக்கும். அப்பாவினுடையது இரண்டாம் தரம். புற்றுநோய் என்றும் சொல்லமுடியாது, சாது என்று விட்டுவிடவும் முடியாது. பெரிய இரத்தக் குழாய் ஒன்றோடு ஒட்டியிருந்த துண்டை எடுக்காமல் விட்டார்கள். அதற்காக ஆறு கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை, 30 தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதன் பிறகு ஒழுங்காகத்தான் இருந்தார். வலிப்பு வராமல் லெவடிரசிட்டம் காலையும் மாலையும், இருதயத்துக்கு அஸ்பிரின் ஒன்று, வருடத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ. கையில் பொல்லு. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கட்டி எங்கள் வீட்டில் ஒரு ஆளைப்போல இருந்தது. தலையிடி வந்தால் கட்டி. பெயர் மறந்தால் கட்டி. கோபம் வந்தால் அதுவும் கட்டி (கோபம் அதற்கு முப்பது வருடம் முந்தியே இருந்தது என்று அம்மா சொல்லுவார்). எட்டு வருடமாக, அப்பாவின் கழுத்துக்கு மேல் எது நடந்தாலும் ஒரே புத்தகத்தில் எழுதிப் பழகியிருந்தோம். எம்.ஆர்.ஐ. நன்றாக இருந்தால் தலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூளைக்கு வெளியே மண்டையோடு, அதற்கு வெளியே தோல் என்று தலைக்கு வேறு அடுக்குகளும் இருப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது சலூன்காரத் தம்பி. கதிர்வீச்சுக்குப் பிறகு வலப்பக்கம் முடி ஐதாகத்தான் முளைத்தது. அப்பா இடப்பக்கத்து முடியை நீளமாக விட்டு அதன்மேல் வாரி மூடுவார். ஆகவே வீட்டில் எங்களுக்கு அந்த இடம் தெரிவதே குறைவு. மே மாதம் முடிவெட்டக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி சீப்பால் முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெஷினைக் கீழே வைத்தான். "ஐயா, இது போன முறையும் இருந்தது. இப்ப பெருத்துப் போச்சு. நான் இதுக்கு மேல மெஷின் போடமாட்டேன்" என்றான். கண்டல் என்றால் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று கிழமையில் மறைய வேண்டும். ஏழு கிழமையாகியும் நாவல்பழ நிறத்தில் இருப்பது கண்டல் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள மருத்துவம் படிக்கத் தேவையில்லை. சமையலறையில் கை நசுங்கிய எவருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருந்தது, அப்பாவின் தலையில் வைத்து மட்டும் யோசிக்கவில்லை.

குடும்ப வைத்தியர் பார்த்தார். அஸ்பிரின் எடுக்கிற வயதானவர், இடித்த கதை ஒன்று இருக்கிறது, கதிர்வீச்சில் மெலிந்த தோல். கிருமி தொற்றியிருக்கலாம் என்று ஒரு கிழமைக்கு அன்டிபயோடிக் தந்தார். குறையவில்லை. வேறொன்று தந்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் காதில் விழுந்தது நாங்கள் சொன்ன கதை. "கதவில் இடித்தவர்" என்று தொடங்கினால் கேட்கிறவரும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருவார். இன்று யாரும் கேட்டால், டொக்டரிடம் காரணத்தைச் சொல்லாமல் நாளைச் சொல்லுங்கள் என்பேன். எப்போது கண்டீர்கள், அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு. முடிந்தால் கிழமைக்கொரு படம், பக்கத்தில் ஒரு குற்றியை வைத்து, பகல் வெளிச்சத்தில். என் போனில் அந்த மூன்று மாதத்தில் பெற்றோல் வரிசைப் படங்கள் 40 இருக்கின்றன. அப்பாவின் தலையின் படம் ஒன்றுகூட இல்லை.

ஜூன் மாதம் வருடாந்த எம்.ஆர்.ஐ. வந்தது. முடிவுரையில் "முந்தியதோடு ஒப்பிடுகையில் மாற்றமில்லை" என்று இருந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். கனடாவில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் முடிவுரையை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். பிறகு ஒருநாள் முழு ரிப்போர்ட்டையும் வாசித்தபோது, மூன்றாவது பந்தியில், மூளையைப் பற்றிய எல்லாம் முடிந்த பிறகு, ஒரு வரி கிடந்தது. வலப்பக்கத் தலைத்தோல் தடித்திருக்கிறது, நேரில் பார்க்கவும். ஸ்கான் கேட்ட துண்டில் "மெனிஞ்சியோமா, தொடர் பரிசோதனை" என்றுதான் எழுதியிருந்தது. கேட்ட கேள்விக்கு மேலே பதிலும், கேட்காததற்குக் கீழே ஒரு வரியும். அந்த வரியை எழுதிய முகம் தெரியாத டொக்டர் தன் வேலையைச் செய்திருந்தார். வாசிக்காதது நாங்கள்.

ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அறிவித்தார்கள். தோல் வைத்தியரைச் சனல் பண்ணியிருந்த (பார்க்க நேரம் எடுத்திருந்த) நாளை இரண்டு கிழமை தள்ளிப்போட்டோம். அந்த இரண்டு கிழமையில் தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள் வரத் தொடங்கின. ஓரங்கள் ஒற்றுத்தாளில் மை ஊறியதுபோல மங்கலாகப் பரவின. நடுவில் சின்னச் சின்ன மொட்டுகள்.

தோல் வைத்தியர் ஒரு பெண். முடியை விலக்கி, விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இடித்ததைப் பற்றியதல்ல. "தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்ததா? எந்த வருடம்? எவ்வளவு?"

அப்பா தபால் கந்தோரில் 34 வருடம் வேலை செய்தவர், ஒரு துண்டையும் எறியமாட்டார். பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் 2014ஆம் ஆண்டின் நோய் விவரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டும், கதிர்வீச்சு அட்டையும் மடித்தபடி இருந்தன. கதிர்வீச்சின் அளவு 54 கிரே, 30 தடவை, எந்தப் பக்கத்திலிருந்து என்பது வரை. பிறகு புற்றுநோய் வைத்தியர் திரும்பவும் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று யோசித்தபோது அந்த அட்டைதான் கணக்கைத் தீர்த்தது. அது இல்லாமல் போயிருந்தால், எட்டு வருடப் பழைய கோப்பைத் தேடி அலைந்திருப்போம். கதிர்வீச்சு எடுத்தவர் வீட்டில் இருந்தால் அந்த அட்டையைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.

முதல் பயொப்சியில், அதாவது தோல் துண்டு எடுத்துச் செய்த பரிசோதனையில், "இரத்தக் கசிவும் அழற்சியும், புற்றுநோய்க் கலங்கள் இல்லை" என்று வந்தது. நான் மகிழ்ந்துபோனேன். டொக்டர் மகிழவில்லை. "என்ர கண்ணுக்குத் தெரியிறதும் இந்தத் தாளும் ஒத்துவரேல்லை" என்று சொல்லி, இன்னும் ஆழமாக, இரண்டு இடத்தில் திரும்ப எடுத்தார். இந்த நோயில் மேலோட்டமாக எடுத்தால் வெறும் இரத்தமும் புண்ணும்தான் வருவதுண்டாம். எல்லாம் நல்லபடி என்று ஒரு தாள் சொல்லும்போது அதை நம்பாமல் இருக்க ஒரு டொக்டருக்குத் துணிவு வேண்டும். அந்த ஒரு நாளுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் பெயர் வந்தது. ஆஞ்சியோசார்கோமா. மாதிரியைப் பதித்த மெழுகுக் கட்டியை இன்னொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, சி.டி. 31, ஈ.ஆர்.ஜி. என்ற சாயப் பரிசோதனைகளும் செய்து உறுதிப்படுத்தினார்கள். அந்த மெழுகுக் கட்டியை நோயாளிதான் கேட்டு வாங்கி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இரத்தக் குழாய்களின் உட்சுவரை மூடியிருக்கிற கலங்களில் இருந்து வருகிற புற்றுநோய் இது. அதனால்தான் கண்டல்போல இருக்கும், அதனால்தான் இரத்தம் கசியும். தசை, கொழுப்பு போன்ற மென்னிழையங்களில் வருகிற புற்றுநோய்களே அபூர்வம், அவற்றிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இது. தலைத்தோலில் வருவது பெரும்பாலும் அறுபது எழுபது தாண்டிய ஆண்களுக்கு. கண்ணுக்குத் தெரிகிற எல்லைக்கு வெகுதூரம் வெளியிலும் தோலுக்குள் வேரோடியிருக்கும். முதலில் ஓடுவது சுவாசப்பைக்கு.

கதிர்வீச்சால் வந்ததா? நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. அக்கா கேட்ட விதத்தில் குற்றச்சாட்டும் இருந்தது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல வருடம் கழித்து இது வருவதுண்டு, மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களிடம்தான் அதிகம் கண்டிருக்கிறார்கள் என்றார் புற்றுநோய் வைத்தியர். ஆனால் இந்த வயதில், இந்த இடத்தில், கதிர்வீச்சே இல்லாமலும் வரும். அப்பாவுக்கு எதனால் என்று யாராலும் அடித்துச் சொல்லமுடியாது. "2014இல் கதிர்வீச்சு வேண்டாம் என்று விட்டிருந்தால்?" என்று கேட்டேன். மிச்சம் வைத்த கட்டி வளர்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றார். அந்த எட்டு வருடத்தில் அப்பா இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினார். கரவெட்டியில் பழைய வீட்டுக் கூரையை மாற்றினார். அக்கா இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் அவவோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

சிகிச்சை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில். ஆகஸ்ட் மாதம் அளந்தபோது 8 சென்டிமீற்றர் தாண்டியிருந்தது. ஸ்கானில் சுவாசப்பை அப்போது சுத்தம். வெட்டி எடுக்கலாமா என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. வெட்டச் சொல்லி அக்கா, வேண்டாம் என்று அம்மா, நடுவில் நான். டொக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். இந்த அளவுக்கு வெட்டவேண்டும், கீழே 2014இல் திறந்து மூடிய எலும்பு, மேலே ஒட்டுவதற்கு வேறு இடத்துத் தோல், அது பிடிப்பதற்குக் கதிர்வீச்சு பட்டுக் களைத்த நிலம். வெட்டினாலும் ஓரத்தில் மிச்சம் இருக்காது என்று சொல்லமுடியாது. அப்பா அதுவரை பேசாமல் இருந்தார். "ஆறுமோ?" என்று கேட்டார். "ஆறுறது கஷ்டம் ஐயா." "அப்ப விடுங்கோ."

கிழமைக்கு ஒரு முறை பக்லிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, மூன்று கிழமை போட்டு ஒரு கிழமை ஓய்வு என்று முடிவானது. அங்கே மருந்தாளர் ஒருவர் கேட்ட கேள்வியை எழுதியே ஆகவேண்டும். வலிப்புக்கு என்ன குளிசை? ஃபெனிட்டோயின் போன்ற பழைய வலிப்பு மருந்துகள் பக்லிடாக்ஸெலை உடம்பு சீக்கிரம் கழித்துவிடச் செய்யும், ஊசியின் பலன் குறையும். லெவடிரசிட்டத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. மூளைக்கு ஒரு டொக்டர், தோலுக்கு ஒருவர், புற்றுநோய்க்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர். இவர்களுக்கு நடுவில் ஓடுகிற ஒரே கம்பி நோயாளியைக் கூட்டிப்போகிற ஆள்தான். எல்லாக் குளிசையையும் ஒரே தாளில் எழுதிக் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். அந்த வருடம் காலி வீதியில் ஐந்து பாமசி ஏறி இறங்கினால்தான் லெவடிரசிட்டம் கிடைத்தது. வலிப்பு மருந்து ஒரு நாளும் தவறக்கூடாது என்பதால் ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கப் பழகினோம்.

ஓட்டோவில் ஹைலெவல் வீதி வரை போய், அங்கிருந்து 138 பஸ். அப்பாவுக்கு அந்தப் பயணம் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஊசிக்கு முன் ஒவ்வாமை வராமல் ஸ்டீரொயிட் போடுவார்கள். அதனால் அன்று இரவு தூக்கம் வராது. விடிய விடியக் கதைப்பார். கரவெட்டித் தபாற்கந்தோர், தந்தி அடிக்கப் பழகினது, 1978 சூறாவளியின்போது மட்டக்களப்பில் மாட்டிக்கொண்டது. எனக்கு அப்பாவைத் தெரியவந்தது அந்த வெள்ளிக்கிழமை இரவுகளில்தான்.

இரண்டு மாதத்தில் கண்டல் வெளிறியது. மொட்டுகள் சுருங்கின. நவம்பரில் வெறும் கபில நிறத் தழும்புதான். சலூன்காரத் தம்பி பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான். விலையாகக் கை கால் விறைத்தது. சட்டைப் பொத்தான் போடமுடியாது, செருப்புக் கழன்றது தெரியாமல் நடப்பார். பின்வார் வைத்த செருப்பும், பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டி தைத்த சட்டையும் வாங்கினோம். ஏற்கெனவே தள்ளாடுகிற ஆளுக்குக் கால் விறைப்பு சின்ன விஷயமில்லை. அதைக் கிளினிக்கில் சொன்னால் அளவைக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்து அப்பா இரண்டு முறை மறைத்தார். நான் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

2023 பெப்ரவரியில் திரும்ப வந்தது. இந்த முறை வேகமாக, நெற்றி வரை.

இங்கே மருந்து கட்டுவதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை, தட்டுத் தடுமாறித்தான் படித்தோம். வெறும் பஞ்சும் கோஸும் வைத்தால் புண்ணில் ஒட்டும். உரிக்கும்போது இரத்தம் பீறிடும். ஒட்டாத வஸ்லின் கோஸ்தான் தோலை ஒட்டி முதலில் வரவேண்டும். கழற்றுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன் சேலைன் ஊற்றி நன்றாக ஊறவிட வேண்டும். அப்பாவுக்கு வலிக்கும் என்பதால் அரை மணித்தியாலம் முந்தி வலிக் குளிசை. இரத்தம் வந்தால் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் பத்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்களுக்கு டிரனெக்ஸாமிக் அசிட் ஊசிமருந்தைக் கோஸில் நனைத்து வைக்கச் சொல்லித் தந்தார்கள், அது நன்றாக வேலை செய்தது. புண்ணின் கெட்ட மணத்துக்கு மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடித்துத் தூவச் சொன்னார்கள், மூன்று நாளில் அறையில் அந்த மணம் போய்விட்டது. இவை இரண்டையும் உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். வீட்டில் இருந்த வெள்ளைத் துவாய்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கருநீலத்தில் ஆறு வாங்கினோம். வெள்ளையில் ஒரு கரண்டி இரத்தம் ஒரு குடம்போலத் தெரியும். அம்மாவின் கை நடுங்கினது அந்தத் துவாய் மாறின பிறகுதான் நின்றது.

அப்பாவுக்கு வலியைவிடப் பெரிய பிரச்சினை திருநீறு. புண்ணை மறைக்கிற தொப்பியோடு கோயிலுக்குள் போக அவருக்கு மனம் வரவில்லை, போவதையே நிறுத்தியிருந்தார். இப்போது கட்டு நெற்றியையும் மூடிவிட்டது. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து திருநீற்றுக் குடுவையைப் பிடித்தபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அன்றிலிருந்து அம்மா கட்டைக் கட்டி முடித்ததும் அதன்மேலேயே மூன்று விரலால் பூசிவிடுவார். வெள்ளைத் துணியில் வெள்ளைத் திருநீறு, ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது.

மோர்பினுக்குப் பயந்து ஒரு மாதத்தை வீணாக்கினோம். அது கொடுத்தால் முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கடைசியில் சின்ன அளவில் தொடங்கியபோது, அப்பா முதல் இரவே நிம்மதியாகத் தூங்கி எழும்பி, பிட்டும் சம்பலும் கேட்டார். கூடவே மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே கொடுக்கவேண்டும் என்பதை ஒரு தாதி சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் வேறு ஒரு நரகம்.

ஏப்ரலில், புத்தாண்டு கழிந்து சில நாளில், திடீரென்று மூச்சு வாங்கினது. இந்த நோய் சுவாசப்பைக்குப் போனால் அங்கே மெல்லிய பைகளாகி, அவை வெடித்துக் காற்றுக் கசியுமாம். நெஞ்சில் குழாய் போட்டார்கள். ஒரு கிழமை இருந்தார். திரும்பவும் குழாய் போடவேண்டி வந்தபோது, அப்பா எட்டு மாதத்துக்கு முந்திக் கேட்ட அதே கேள்வியை நான் அவருக்காகக் கேட்டேன். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்றாம் நாள் அதிகாலை போனார். அம்மா கட்டை மாற்றி, புதிதாகத் திருநீறு பூசினார்.

முப்பத்தொராம் நாள் கிரியை முடிந்த பிறகு அலுமாரியில் பிரிக்காத வஸ்லின் கோஸ் இரண்டு பெட்டி, சேலைன் போத்தல் நாலு, பாவிக்காத நீலத் துவாய் இரண்டு இருந்தன. மிச்ச மோர்பினைத் திருப்பிக் கொடுக்க எப்படியும் மஹரகம போகவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு 138இல் ஏறினேன். ஊசி போடும் நாட்களில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஹட்டன்காரர் ஒருவரின் மனைவிக்கு முதுகில் புண். அவரைத் தேடிப் பிடித்துப் பையைக் கொடுத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதக் கழட்டுறப்ப ரத்தம் வராதுங்களா?" என்று கேட்டார். அந்த வாங்கிலேயே இருந்து, ஒரு பொதியைப் பிரித்து, என் முன்கையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் எப்படிக் காத்திருப்பது என்று காட்டினேன்.